அளவறிந்த வள்ளல்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பது தமிழ்ப் பெரியோர் கண்ட முடிபு. தேங்காயை எண்ணி விற்பர். பொன்னைத் தராசில் எடுத்து நிறுப்பர். நெல்லைப் படியால் முகப்பர். ஆடையை முழக்கோலால் நீட்டி அளப்பர். இந்நான்கும் பிழையாது நடைபெறும் நாட்டிலேயே வாணிகம் செழிக்கும். வாணிகம் செழித்த நாட்டிலேயே கொடை தழைக்கும். அளவறிந்து ஈட்டி, அளவின்றி ஈந்த பெருந்தகை ஒருவர் செட்டிநாட்டிலே தோன்றினார். கண்ணுக்குப் புலனாகாத அணுக்களையும் தராசின் துணைகொண்டே எண்ணிக் கணக்கிடும் அரிய கலைக்குக் காரைக்குடியிலே ஓர் ஆய்வுக்கூடம் எழ அவர் வழிகோலினார். அவரே வள்ளல் அழகப்பச் செட்டியார் ஆவார்.

செட்டிநாடு என்பது காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நிலப்பகுதியாகும். அதன் பெரும்பகுதி இன்று சிவகங்கை மாவட்டத்தில் அடங்கும். வற்றாத ஆறு அங்கு இல்லை. மழைநீரைக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேக்கி வைத்தே மக்கள் வாழ்ந்தனர். நிலம் தாராத வளத்தை நகரத்தார் கடல் கடந்து தேடினர். பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் கடைகள் அமைத்துக் கொண்டும் கொடுத்தும் பொருள் ஈட்டினர். இளஞ்சிறுவர் பெட்டியடிப் பையன்களாகக் கடையில் அமர்ந்து, பேரேடு எழுதவும் வட்டி கணக்கிடவும் பழகினர். கணக்கின் முடிவில் அவர்கள் ஐந்தொகை எடுப்பர். வரவும் செலவும், கொண்டதும் கொடுத்ததும் ஒருங்கே திரட்டி, இருபுறமும் ஒத்துள்ளனவா என ஆராயும் கணக்கே ஐந்தொகை. ஒரு காசு வேறுபடினும் ஐந்தொகை நேராகாது.

இத்தகைய கணக்கறிந்த மரபிலே, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். தந்தையார் இராமநாதச் செட்டியார்; தாயார் உமையாள் ஆச்சி. காரைக்குடியில் பள்ளிக் கல்வி கற்ற அழகப்பர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். வணிகர் மைந்தர்க்குப் பேரேடு எழுதும் அறிவே போதும் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அக்காலத்தில் உயர்கல்வியின் சுவையை அவர் உணர்ந்தார். அச்சுவையே பின்னாளில் அவருடைய செல்வம் சென்று பாயும் வாய்க்காலாயிற்று.

பின்னர் அவர் இங்கிலாந்து சென்றார். சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். வங்கித் தொழிலின் நுட்பங்களைக் கற்றார். வானூர்தி செலுத்தவும் பயின்றார். தாயகம் திரும்பியபின், திருச்சூருக்கு அருகில் பெரியதொரு நெசவாலையை நிறுவினார். அவ்வாலையைச் சூழ்ந்த ஊர் அழகப்பா நகர் எனப் பெயர் பெற்றது. வானூர்தி நிறுவனம் ஒன்றையும் தொடங்கி நடத்தினார். தொட்ட தொழில்கள் துலங்கின, செல்வம் குவிந்தது. ஆங்கில அரசு சர் என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கியது. நாடு விடுதலை பெற்றபின் அப்பட்டத்தை அவர் துறந்தார்.

செல்வத்தின் பயன் ஈதல் என்பது அவர் உள்ளத்தில் ஊன்றிய கொள்கை. கோயில் திருப்பணியும் அன்னசத்திரமும் நகரத்தாரின் மரபான அறங்கள். அழகப்பர் அவ்வறத்தைக் கல்வியின் பக்கம் திருப்பினார். தொழில்நுட்பக் கல்விக்கென அவர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்த நன்கொடையால், 1944-ஆம் ஆண்டு சென்னையில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. வேதியியலைத் தொழிலாக்கும் கலையும், நெசவும், தோல் பதனிடுதலும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. தாம் பயின்றது இலக்கியமே எனினும், நாட்டின் வறுமை நீங்க அறிவியலும் வேண்டும் என்பதை அவர் தெளிந்திருந்தார்.

1947-ஆம் ஆண்டு சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் அவ்விழாவில் உரையாற்றினார். விடுதலை பெறும் நாட்டிற்குக் கல்லூரிகள் பல தேவை என்றும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்றும் அவர் வேண்டினார். அவையில் இருந்த அழகப்பர் காலம் தாழ்த்தவில்லை. காரைக்குடியில் கல்லூரி ஒன்றைத் தாம் நிறுவுவதாக அங்கேயே உறுதி கூறினார். கூறிய சொல் காற்றில் கலக்கவில்லை. அவ்வாண்டிலேயே அழகப்பா கல்லூரி தொடங்கிவிட்டது. புதரும் பொட்டலுமாய்க் கிடந்த நிலத்தில் அடுத்தடுத்துக் கல்விக் கூடங்கள் எழுந்தன. 1952-ஆம் ஆண்டு பொறியியற் கல்லூரியும் தோன்றியது.

அக்காலத்தில் இந்திய அரசு, அறிவியல் தொழில் ஆய்வுக் குழுவின் வாயிலாக, நாட்டின் பல பகுதிகளில் தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவத் திட்டமிட்டது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் சாந்தி சுவரூப் பட்நாகர் என்னும் வேதியியல் அறிஞர். அவ்வாய்வுக்கூடங்களுள் ஒன்று மின்வேதியியலுக்கு உரியது. பெருநகரமும் அன்று, பேராலைகள் நிறைந்த ஊரும் அன்று காரைக்குடி. ஆயினும் அவ்வாய்வுக்கூடம் அங்கே அமைய வேண்டும் என அழகப்பர் விழைந்தார். அதன்பொருட்டு 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் வழங்கினார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், இந்தியாவின் முதல் பிரதமர் சவகர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளை ஒட்டி, அந்நாளில் குடியரசுத் துணைத்தலைவராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்பது அதன் பெயர்.

அவ்வாய்வகத்தில் நடைபெறும் பணி யாது? அதன் அடிப்படை எது? இவற்றை அறிந்தாலன்றி வள்ளலின் கொடை எத்தகையது என்பது விளங்காது. பொருள்களின் மாற்றத்தையும் மின்சாரத்தையும் இணைத்து ஆராயும் கலையே மின்வேதியியல். வெள்ளி முலாம் பூசுதலும், மின்கலம் செய்தலும், இரும்பைத் துரு தின்னாமற் காத்தலும், தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தலும் அதன் பகுதிகள். இவை அனைத்திலும் எழும் முதல் வினா அளவு பற்றியதே. எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு உலோகம் கிடைக்கும்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின் அணுக்களை எண்ண வேண்டும். கைக்கு அகப்படாத அணுவை எண்ணுவது எங்ஙனம்?

வட்டிக்கடை ஒன்றை மனத்திற் கொண்டால் இதன் வழி புலப்படும். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. அரை ரூபாயின் எடை அரைத் தோலா. கடைக்கு வந்த பெரிய மூட்டைகளை ஒவ்வொரு காசாக எண்ணிக் கொண்டிருந்தால் பொழுது போதாது. தராசில் நிறுத்தால் போதும். ரூபாய் மூட்டை 100 தோலாவும், அரை ரூபாய் மூட்டை 50 தோலாவும் இருப்பின், இரண்டிலும் உள்ள காசுகள் எண்ணிக்கையில் சமம். இங்கு உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு தனிக் காசின் எடை இன்னதென்று அறியாதவனும், ஒன்றின் எடை மற்றதைப்போல் இருமடங்கு என்பதை மட்டும் அறிந்திருப்பானாயின், மூட்டைகளை 2-க்கு 1 என நிறுத்து, சம எண்ணிக்கையுள்ள காசுகளைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

வேதியியல் அறிஞர் கையாண்ட வழியும் இதுவே. பிரெஞ்சு நாட்டு லவாய்சியர் 18-ஆம் நூற்றாண்டில், பொருள்கள் மாறுங்கால் மொத்த எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை எனத் தராசு கொண்டு நிலைநாட்டினார். இயற்கையின் பேரேட்டிலும் ஐந்தொகை நேராகவே இருக்கும் என்பது இதன் பொருள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாட்டு டால்டன், ஒவ்வொரு தனிமத்தின் அணுவிற்கும் தனக்கே உரிய எடை உண்டு என்றார். தனியணுவை நிறுக்க அவரால் இயலவில்லை. ஆனால் ஓர் அணு மற்றோர் அணுவைப்போல் எத்தனை மடங்கு கனமுடையது என்பதைக் கணக்கிட முயன்றார். 1811-ஆம் ஆண்டு இத்தாலிய நாட்டு அவகாட்ரோ, ஒரே வெப்பமும் ஒரே அழுத்தமும் உள்ள வாயுக்களைச் சம அளவாக முகந்தால், அவற்றில் அடங்கிய மூலக்கூறுகள் எண்ணிக்கையில் சமம் என்னும் கருத்தை வெளியிட்டார். இங்ஙனம் எடுத்தலும் முகத்தலும் எண்ணலோடு கைகோத்தன.

ஓர் அணு மற்றோர் அணுவைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பதைக் காட்டும் எண்ணே அணு நிறை. கார்பன் 12 என்னும் அணுவின் நிறையைச் சரியாக 12 எனக் கொண்டு, ஏனைய அணுக்களை அதனோடு ஒப்பிடுவர். 1961-ஆம் ஆண்டு முதல் இவ்வொப்பீடு உலகெங்கும் வழங்கி வருகிறது. இம்முறைப்படி ஐதரசனின் அணு நிறை ஏறத்தாழ 1, ஆக்சிசனுடையது 16, செம்பினுடையது 63.55, வெள்ளியினுடையது 107.87. இவை ஒப்பீட்டு எண்களே ஆதலின் இவற்றிற்கு அலகு இல்லை. அரை ரூபாயைப்போல் ரூபாய் இருமடங்கு என்பது போன்ற கூற்றே இது.

இனி, அவ்வெண்களையே கிராமாகக் கொண்டு பொருள்களை நிறுத்து எடுப்பதாகக் கொள்ளலாம். கார்பன் 12 கிராம், ஆக்சிசன் 16 கிராம், வெள்ளி 107.87 கிராம் எனத் தனித்தனியே எடுத்தால், எடை வேறு வேறாயினும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ரூபாய் மூட்டையும் அரை ரூபாய் மூட்டையும் போல்வது இது. அவ்வெண்ணிக்கையுள்ள தொகுதிக்கு ஒரு மோல் என்பது பெயர். 12 பொருள் ஒரு டசன் ஆதல் போல, அவ்வெண்ணிக்கையுள்ள நுண்துகள்கள் ஒரு மோல் ஆகும். ஒரு மோல் பொருளின் எடையைக் கிராமில் கூறின் அது மோலார் நிறை. ஆகவே அணு நிறையும் மோலார் நிறையும் எண்ணால் ஒத்திருப்பினும், முன்னது ஓர் அணுவை மற்றோர் அணுவோடு ஒப்பிடுவது. பின்னது ஒரு மோல் தொகுதியைத் தராசில் வைத்து நிறுப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு வேதியியற் கணக்கில் மயக்கம் நேராது.

நீரின் மூலக்கூறு ஒன்றில் ஐதரசன் அணு இரண்டும் ஆக்சிசன் அணு ஒன்றும் உள்ளன. இரண்டும் பதினாறும் கூடப் பதினெட்டு. எனவே ஒரு மோல் நீர் ஏறத்தாழ 18 கிராம். வாய் கொள்ளும் ஒரு மடக்கு என்னலாம். அம்மடக்கு நீரில் உள்ள மூலக்கூறுகளின் தொகை யாது? 6022 என எழுதி, அதன் வலப்புறம் 20 சுழிகளை இட்டால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. அவகாட்ரோவின் நினைவாக அதனை அவகாட்ரோ எண் என்பர். உலகில் வாழும் ஏறத்தாழ 800 கோடி மக்களும் உணவும் உறக்கமும் இன்றி, நொடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே இருப்பினும், அதனை எண்ணி முடிக்க 23 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். எண்ணி முடியாத அத்தொகையைத் தராசு ஒரு நொடியில் எடுத்துத் தந்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் முதல், மோல் என்னும் அலகே அவ்வெண்ணின் அடிப்படையில் வரையறுக்கப்பெற்றுள்ளது.

மின்சாரத்திற்கும் இக்கணக்கிற்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் மைக்கேல் பாரடே. கொல்லரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் பயிற்சிப் பையனாய் இருந்து, தம் உழைப்பால் அறிவியல் மேதையாய் உயர்ந்தவர் அவர். கரைசலின் ஊடே செல்லும் மின்சாரத்தின் அளவிற்கு ஏற்பவே உலோகம் படிகிறது என்பதை அவர் 1830-களில் நிறுவினார். அவர் காலத்தில் எலக்ட்ரான் என்னும் நுண்துகள் அறியப்படவில்லை. அது கண்டறியப்பட்டபின் அவர் விதியின் உட்பொருள் தெளிவாயிற்று. கரைசலில் உள்ள வெள்ளித் துகள் ஒன்று உலோகமாக மாற எலக்ட்ரான் ஒன்றைக் கொள்கிறது. செம்பு இரண்டைக் கொள்கிறது. அலுமினியம் மூன்றைக் கொள்கிறது. ஆதலின் ஒரு மோல் எலக்ட்ரானைச் செலவிட்டால் வெள்ளி 107.87 கிராம் கிடைக்கும். செம்பு அதன் அணு நிறையில் பாதியாகிய 31.77 கிராமே கிடைக்கும். அலுமினியமோ மூன்றில் ஒரு பங்காகிய 8.99 கிராம் அளவே கிடைக்கும்.

ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னளவு ஏறத்தாழ 96,485 கூலூம். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை 26 மணி 48 நிமிட நேரம் இடையறாது செலுத்தினால் அவ்வளவு மின்சாரம் செல்லும். முலாம் பூசுவோன் இதனை அறிந்திருப்பானாயின், கடிகாரத்தையும் மின்மானியையும் நோக்கியே, குடத்தின் மேல் படிந்த வெள்ளி எத்துணை எனக் கூறிவிடலாம். ஒரே எடையுள்ள உலோகத்தைப் பெற, வெள்ளிக்கு ஆவதைப்போல் 12 மடங்கு மின்னளவு அலுமினியத்திற்கு ஆகும் என்பதும் இக்கணக்காலேயே விளங்கும். அலுமினிய ஆலைகள் மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

உலோகத்தைப் படியச் செய்யும் கணக்கே உலோகம் அழிவதற்கும் உரியது. இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குங்கால் ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. ஒரு மோல் எலக்ட்ரான் இங்ஙனம் கழியின் ஏறத்தாழ 28 கிராம் இரும்பு அழிந்தது என்பது பொருள். உப்புக் காற்று வீசும் கடற்கரையில் பாலங்களும் படகுகளும் இவ்வழிவிற்கு இரையாகின்றன. ஆதலின் காரைக்குடி ஆய்வகம் கடலோர ஊராகிய மண்டபத்திலும் ஒரு நிலையம் அமைத்து, உலோக அரிமானத்தை ஆராய்ந்து வந்துள்ளது. மின்கலங்களுக்கும் இக்கணக்கே அடிப்படை. ஒரு மோல் எலக்ட்ரானைத் தரக் காரீயம் 103.6 கிராம் வேண்டும், இலித்தியமோ 6.94 கிராம் இருந்தாற் போதும். கைபேசியிலும் மின்னூர்தியிலும் இலித்திய மின்கலம் இடம் பெற்றதன் காரணங்களுள் ஒன்று, அணு நிறை அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. காரைக்குடி ஆய்வகத்தார் ஆராயும் பொருள்களுள் இத்தகைய மின்கலங்களும் அடங்கும்.

இவ்வரிய கலைக்கு இடம் அளித்த அழகப்பரின் வாழ்வு அந்நாளில் இன்பமாய்க் கழியவில்லை. தொழுநோய் அவர் உடலைப் பற்றியிருந்தது. இன்று மருந்தினால் முற்றும் நீக்கத்தக்க அந்நோய், அக்காலத்தில் கொடிய துன்பமும் மக்களின் வீண் அச்சமும் சூழ்ந்ததாக இருந்தது. வானூர்தி செலுத்திய கைகளும் பேரவைகளில் நிமிர்ந்து நின்ற உடலும் தளர்ந்தன. பிறராயின் மனம் நொந்து ஒதுங்கியிருப்பர். எஞ்சிய செல்வத்தையேனும் தமக்கெனக் காத்திருப்பர். அழகப்பர் அவ்வாறு செய்தாரல்லர். நாள் குறுகுவதை உணர்ந்தோறும் கொடையைப் பெருக்கினார். கலைக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தொழிற்பயிற்சிக் கூடங்கள், சிறார் பள்ளி எனக் கல்வியின் எல்லாப் படிகளும் ஒரே வளாகத்தில் அமைய வழி செய்தார். மகளிர் கல்விக்கெனத் தாம் வாழ்ந்த இல்லத்தையும் ஈந்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 ஆண்டு நிரம்பியிருக்கும். அவர் மறைந்தபின்னும் அவர் இட்ட வித்து வளர்ந்துகொண்டே சென்றது. அவர் தொடங்கிய கல்வி நிலையங்களை அடிப்படையாகக் கொண்டு, 1985-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. சென்னையில் அவர் பெயரால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. மின்வேதியியல் ஆய்வகத்தின் தராசுகளும் மின்மானிகளும் இன்றும் ஓய்ந்தில.

ஒரு மனிதரின் வாழ்வை எவ்வளவையால் அளப்பது? ஆண்டுகளை எண்ணினால் அழகப்பர் வாழ்ந்த காலம் சிறிதே. ஆயினும் எண்ணிக்கை ஒன்றே அளவாகாது என்பதை அணுவின் கணக்கு கற்பிக்கிறது. ஒரு மோல் ஐதரசனும் ஒரு மோல் வெள்ளியும் எண்ணிக்கையால் ஒன்றே. தராசில் இட்டால் ஒன்று மற்றதைப்போல் நூறு மடங்கிற்கும் மேலாய்த் தாழும். வாழ்நாளும் அத்தகையதே. சிலருடைய ஆண்டுகள் எடையற்றுப் பறந்து போகின்றன. சிலருடையவை உலகம் உள்ளளவும் கனத்து நிற்கின்றன. வறண்ட நிலத்திற் பிறந்து, கடல் கடந்து கற்று, ஈட்டியவற்றை இளைஞர் கல்விக்கு ஈந்த அழகப்பரின் ஆண்டுகள் பின்னைய வகையைச் சார்ந்தவை. கொண்டதும் கொடுத்ததும் நேராயின் ஐந்தொகை முடிந்தது என்பது வணிகர் வழக்கு. கொண்டதைவிடக் கொடுத்தது மிகுந்த அவ்வள்ளலின் கணக்கோ, காரைக்குடியிலிருந்து கற்று வெளியேறும் ஒவ்வொரு மாணாக்கராலும் இன்றும் எழுதப்பட்டு வருகிறது.